ஜீப்பில் ஒரு நாள்: டாப்சிலிப் காட்டுக்குப் போவது எப்படி?

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு எல்லாம் ஓர் ஆசை உண்டு. ஒரு நாளாவது அதைக் காட்டுக்குள் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை! ஜீப் இல்லாதவர்களுக்கும் அந்த ஆசை உண்டு. அவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஆனால், காட்டுக்குப் போவது கடற்கரைக்குப் போவது போல அல்ல. நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது. நினைத்தபோது திரும்பவும் முடியாது. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே திட்டம் போடவேண்டும்.

திட்டம் இல்லாமல் போனால் யாருக்குக் கஷ்டம்? போகிறவர்களுக்குக் கஷ்டம். காட்டுக்கும் கஷ்டம். போகிறவர்கள் படும் கஷ்டம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். காட்டுக்கு ஏற்பட்ட காயம் ஆறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

கோவை மாவட்டத்தில் உள்ள டாப்சிலிப்புக்கு ஒரு நாள் போய்வரத் திட்டம் போடுவோம். பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. தேக்கு, மூங்கில், யானை, காட்டெருமை, கடமான், புள்ளிமான், மலை அணில், இருவாச்சிப் பறவை ஆகிய எல்லாம் உள்ள காடு.

அந்தக் காட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. முதலில் அதைத் தெரிந்துகொண்டு, பிறகு வண்டியைக் கிளப்பலாம்.

பெயர் வந்த கதை

"டாப்சிலிப்" என்பது தமிழ்ப் பெயர் அல்ல. ஆங்கிலப் பெயர். "டாப்" என்றால் உச்சி. "சிலிப்" என்றால் சறுக்குதல். உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்று பொருள்.

எதைச் சறுக்கிவிட்டார்கள்? தேக்கு மரங்களை!

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஆனைமலைத் தேக்குக்கு ஏகப்பட்ட கிராக்கி. தேக்கு தண்ணீரில் எளிதில் உளுத்துப்போகாது. கரையான் அதை அவ்வளவு எளிதில் அரிக்காது. ஆகையால், கப்பல் கட்ட அதை விரும்பினார்கள். ஆனைமலைத் தேக்கு பம்பாய்த் துறைமுகம் வரை போயிற்று.

பிறகு ரெயில் வந்தது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் 1856-ம் ஆண்டு சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. தண்டவாளம் போட்டால் அதன் அடியில் கட்டை போடவேண்டும். இருப்புப் பாதை நீள நீள, காட்டில் மரங்கள் குறைந்தன.

வெட்டிய மரத்தை யானைகள் மலை விளிம்பு வரை இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். மரம் சறுக்கிக்கொண்டே அடிவாரம் போய்ச் சேரும். அங்கே அதை வண்டியில் ஏற்றுவார்கள். இப்படி மரத்தைச் சறுக்கிவிட்ட உச்சிக்குத்தான் "டாப்சிலிப்" என்று பெயர் வந்தது.

மொட்டையான மலை

வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? மலை மொட்டையாகும். அப்படித்தான் ஆயிற்று.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1856-ம் ஆண்டில் கிளெக்ஹார்ன் என்ற டாக்டரைச் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குத் தலைமை அதிகாரி ஆக்கியது. 1882-ம் ஆண்டில் சென்னை வனச்சட்டம் வந்தது. ஆனாலும், மரத்தின் தேவை குறையவில்லை. சட்டம் ஒரு பக்கம் இருந்தது. கோடரி மறு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது.

அந்த நிலையில் 1915-ம் ஆண்டு வாக்கில் ஒரு வன அதிகாரி இந்தப் பகுதிக்கு வந்தார். அவர் பெயர் ஹியூகோ வுட்.

வுட் துரை காட்டைச் சுற்றிப் பார்த்தார். "இப்படியே போனால் வெட்டுவதற்கும் மரம் இருக்காது, காப்பதற்கும் மரம் இருக்காது" என்பது அவருக்குப் புரிந்தது. காட்டுக்கு ஓய்வு வேண்டும் என்று திட்டம் போட்டார்.

தேக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டை சாவதில்லை. அதிலிருந்து துளிர் கிளம்பும். அந்தத் துளிரை மாடு மேயாமல், தீப்பிடிக்காமல், மறுபடியும் வெட்டாமல் காப்பாற்றினால், அது மரமாக உயர்ந்துவிடும். வுட் துரை அந்த வழியைப் பின்பற்றினார். காலி இடங்களில் புதிதாகத் தேக்கு நட்டார்.

அவரைப் பற்றி ஆனைமலையில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். அவர் நடக்கப் போகும்போது சட்டைப் பை நிறையத் தேக்கு விதை இருக்குமாம். கைத்தடியால் மண்ணில் ஒரு குழி குத்துவாராம். ஒரு விதையைப் போட்டு, மண்ணைத் தள்ளிவிட்டு நடப்பாராம்.

வுட் துரை 1933-ம் ஆண்டில் இறந்தார். அவரது விருப்பப்படி, டாப்சிலிப் அருகே அவர் வளர்த்த தேக்குக் காட்டிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீன் மொழியில் ஒரு வரி இருக்கிறது. "இவருக்கு நினைவுச்சின்னம் எங்கே என்று தேடுகிறீர்களா? உங்களைச் சுற்றிப் பாருங்கள்" என்பது அதன் கருத்து.

சுற்றிப் பார்த்தால் தெரிவது எல்லாம் தேக்கு மரம்!

வுட் துரை நட்டது தேக்குத் தோட்டம். இயற்கைக் காடு என்றால் பல வகை மரம், கொடி, புல் எல்லாம் கலந்து இருக்கும். ஒரே வகை மரமாக நட்டால் அந்தக் கலவை வந்துவிடாது. ஆகையால், இன்று வனத்தைப் பற்றிப் படித்தவர்கள் தேக்கு நடுவதை மட்டும் காடு வளர்ப்பதாகக் கருதுவதில்லை. ஆனால், மொட்டையாகிக்கொண்டிருந்த மலையை மூடிக் காப்பாற்றியது அந்தத் தோட்டம். அதன் நிழலில் மற்றச் செடிகளும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

1976-ம் ஆண்டில் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2007-ம் ஆண்டில் புலிகள் காப்பகம் ஆயிற்று. காப்பகத்தின் மையப் பகுதி மட்டும் சுமார் 958 சதுர கிலோமீட்டர். மரம் வெட்டிப் பிழைத்த இடத்தில் இன்று உலர்ந்த மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது.

இப்போது அங்கே வெளியிலிருந்து அதிகமாகப் போவது கோடரி அல்ல, மோட்டார் சக்கரம். ஆகையால்தான், ஜீப்பில் போகிறவர்களுக்குத் திட்டம் வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

முதலில் காலண்டரைப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காடு பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் பாதை வழுக்கும். மரம் சாயும். காலில் அட்டை ஏறும். ஐப்பசி மழையிலும் மலைப்பாதை அப்படித்தான்.

மாசி, பங்குனி, சித்திரை கோடைக்காலம். தேக்கு இலை உதிர்ந்துவிடும். காடு காய்ந்து கிடக்கும். தண்ணீரைத் தேடி விலங்குகள் வெளியே வரும் என்பது உண்மைதான். ஆனால், காட்டுத்தீ பிடிக்கும் காலமும் அதுதான். தீ அபாயம் அதிகமானால், வனத்துறை சுற்றுலாவை நிறுத்திவிடும்.

மார்கழி, தை மாதங்கள் குடும்பத்தோடு போக ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும். பச்சை மாறியிருக்காது. குளிர் இருக்கும், கம்பளிச் சட்டை வேண்டும். பொங்கல் விடுமுறையில் கூட்டம் அதிகம். முடிந்தால் அந்த நாட்களை விட்டுவிட்டு, சாதாரண நாளாகப் பார்த்துப் போங்கள்.

எந்த மாதமானாலும், கிளம்புவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரிக்கவேண்டும். வழி திறந்திருக்கிறதா, என்ன கட்டணம், எந்த நேரத்தில் உள்ளே விடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும். போன வருஷம் போய்வந்தவர் சொன்னதை நம்பிக் கிளம்பக்கூடாது.

நான்கு சக்கர ரகசியம்

சாதாரணக் காரில் இஞ்சினின் பலம் இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். மற்ற இரண்டு சக்கரங்களும் சும்மா உருளும். இழுக்கும் சக்கரம் சேற்றில் மாட்டினால், அது அங்கேயே சுற்றும். வண்டி நகராது.

ஜீப்பில் அப்படி இல்லை. ஒரு தடியைத் தள்ளினால், பலம் நான்கு சக்கரங்களுக்கும் போகும். தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்னால் வடம் பிடித்து இழுப்பார்கள். பின்னால் நெம்புகோல் போட்டுத் தள்ளுவார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் தேர் அசையும். நான்கு சக்கர ஜீப்பும் அப்படித்தான். முன் சக்கரம் இழுக்கிறது. பின் சக்கரம் தள்ளுகிறது.

இன்னொரு பலமும் ஜீப்புக்கு உண்டு. தடியை மேலும் ஒரு நிலைக்குத் தள்ளினால் வேகம் மிகவும் குறைந்துவிடும். இழுக்கும் சக்தி கூடிவிடும். செங்குத்தான இறக்கத்தில் இது நல்ல துணை. தேருக்கு முட்டுக்கட்டை எப்படியோ, அப்படி இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மலைப்பாதையில் அதுதான் பெரிய ஆபத்து. சாதாரணக் காரில் போகிறவர்களும், ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்ற பாடத்தை மறக்கக்கூடாது.

ஒரு முக்கிய விஷயம். பல ஜீப்புகளில், காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், ரிப்பேர் வந்துவிடும். ஆகையால், டாப்சிலிப் போகும் தார்ச்சாலையில் இரண்டு சக்கரமே போதும். மழையால் சேறாகிய இடத்தில் மட்டும் நான்கையும் போட்டால் சரி.

அப்படியானால் ஜீப் எதற்கு? பாதை கெட்டுப்போனாலும், பாதையை விட்டு இறங்காமல் போவதற்கு! நான்கு சக்கரத்தின் பயன் அதுதான். பாதையை விட்டுக் காட்டுக்குள் பாய்வதற்கு அல்ல.

ஒரு தடம் செய்யும் தீமை

"பத்தடி இறங்கினால் என்ன ஆகிவிடும்?" என்று சிலர் கேட்பார்கள்.

ஒரு ஜீப்பின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். அது புல்தரையில் ஏறினால் மண் இறுகிப் போகும். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது. விதை முளைக்காது. அடுத்த மழையில், சக்கரத் தடமே வாய்க்கால் ஆகிவிடும். தண்ணீர் அதன் வழியே ஓடி மண்ணை அரிக்கும். வாய்க்கால் பள்ளம் ஆகும். பள்ளம் ஓடை ஆகும். சரிவான மலையில் இது வேகமாக நடக்கும்.

முதல் ஜீப் போட்ட தடத்தைப் பார்த்து இரண்டாவது ஜீப் வரும். "இதுவும் ஒரு பாதை போலிருக்கிறது" என்று மூன்றாவது ஜீப் வரும். காட்டில் பாதை பிறப்பது இப்படித்தான்.

இன்னொரு தீமை கண்ணுக்குத் தெரியாது. டயரில் ஒட்டிய மண்ணோடு களை விதையும் வரும். ஊர்ப்புறத்தில் பார்த்தீனியம் பரவிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உண்ணிச்செடியும் அப்படித்தான். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த செடி. இன்று காடுகளில் புதராக அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது மூடிய இடத்தில் புல் வளராது. புல் இல்லாவிட்டால் மானும் காட்டெருமையும் எதைத் தின்னும்? மான் இல்லாவிட்டால் புலி எதைத் தின்னும்?

ஆகையால், முதல் நாளே ஜீப்பின் சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் நன்றாகக் கழுவுங்கள். அழகுக்காக அல்ல, காட்டுக்குக் களை கொண்டுபோகாமல் இருக்க.

முதல் நாள் வேலை

ஜீப்பைக் கழுவிய பிறகு சோதனை போடுங்கள். பிரேக், டயர், விளக்கு, ரேடியேட்டர் தண்ணீர், எண்ணெய் எல்லாம் சரியாக இருக்கிறதா? மாற்று டயரில் காற்று இருக்கிறதா? ஜாக்கி வேலை செய்கிறதா? மண்ணில் ஜாக்கி புதையும். அதன் அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வலுவான கயிறு, டார்ச் விளக்கு, முதல் உதவிப் பெட்டி ஆகியவையும் வேண்டும்.

டீசலோ பெட்ரோலோ, பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் பெண்களின் யோசனையைக் கேட்பது நல்லது. புளிசாதம், தயிர்சாதம், இட்லி பொடி தடவி வாழை இலையில் கட்டியது, இவை கெட்டுப்போகா. தூக்குப் பாத்திரத்திலும் எவர்சில்வர் கூஜாவிலும் எடுத்துக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019-ம் ஆண்டு ஜனவரி முதல் தமிழ்நாடு முழுவதும் தடை இருக்கிறது. காட்டில் அதன் ஆபத்து இன்னும் அதிகம். உப்பு வாசனைக்காக யானையும் மானும் பையோடு சேர்த்து விழுங்கிவிடும்.

மதுவுக்கு இடமே இல்லை. பீடி, சிகரெட், தீப்பெட்டியும் வேண்டாம். ஒரு துண்டு பீடி நூறு ஏக்கரை எரிக்கும்.

கடைசியாக ஒன்று. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மலையில் செல்போன் எல்லா இடத்திலும் பேசாது.

மாலையிலிருந்து கணக்கு

வழக்கமாகப் பயணத் திட்டத்தைக் காலையிலிருந்து போடுவார்கள். காட்டுப் பயணத்துக்கு மாலையிலிருந்து போடவேண்டும்.

இருட்டுவதற்குள் சேத்துமடைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வெளியே வந்துவிடவேண்டும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்குச் சாவடியில் இருக்கவேண்டும் என்றால், டாப்சிலிப்பிலிருந்து 4 மணிக்காவது கிளம்பவேண்டும். வழியில் யானை நின்றால் காத்திருக்க நேரம் வேண்டும் அல்லவா? ஆகையால் மூன்றரைக்கே கிளம்பினால் நிம்மதி.

இனிக் காலைக்கு வாருங்கள். பொள்ளாச்சியில் ஆறு மணிக்குப் புறப்படலாம். ஆனைமலை ஊர், வேட்டைக்காரன்புதூர் வழியாகப் போகவேண்டும். தென்னந்தோப்பு இரு பக்கமும் நிற்கும். எதிரே மலை நீல நிறத்தில் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் சேத்துமடை வந்துவிடும்.

சேத்துமடையில் சோதனைச் சாவடி. வண்டி எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்லி, கட்டணம் கட்டவேண்டும். பைகளைச் சோதித்தால் கோபப்படாதீர்கள். அவர்கள் தேடுவது பிளாஸ்டிக்கையும் மதுவையும்தான்.

அங்கிருந்து 12, 13 கிலோமீட்டர் மலைப்பாதை. பொள்ளாச்சி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டாப்சிலிப்போ 700 மீட்டருக்கு மேல். மெதுவாக ஏறுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். பாட்டை நிறுத்திவிடுங்கள். எதிரே வண்டி வந்தால், மேலே ஏறும் வண்டிக்கு வழிவிடவேண்டும். ஒதுங்குவதற்கு என்று உள்ள இடத்தில் மட்டும் ஒதுங்குங்கள். புல்லின் மேல் ஏறாதீர்கள்.

எட்டு மணிக்கு டாப்சிலிப். அங்கே உங்கள் ஜீப்பின் வேலை முடிந்தது! நிறுத்தும் இடத்தில் நிறுத்திப் பூட்டிவிடுங்கள். அதற்கு மேல் உள்காட்டுக்கு வனத்துறை வண்டியில்தான் போகவேண்டும்.

"எங்கள் ஜீப்பும் போகுமே!" என்று தோன்றும். போகும்தான். ஆனால் ஒவ்வொரு ஜீப்பும் போனால் விலங்கு எங்கே போகும்? ஒரு வண்டியில் இருபது பேர் போனால் ஒரு தடம். ஐந்து ஐந்து பேராக நான்கு ஜீப்பில் போனால் நான்கு தடம். புலிகள் காப்பகங்களின் மையக் காட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக்கூடாது என்று 2012-ம் ஆண்டில் மத்திய அரசின் புலிகள் காப்பு ஆணையம் விதி செய்தது. மிச்சம் நான்கு பங்கும் விலங்குகளுக்கு.

யானை வந்தால்?

பாதையில் யானை நின்றால் என்ன செய்வது?

தூரத்திலேயே நிறுத்துங்கள். எந்த விலங்கானாலும் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. யானைக்கு அதைவிடப் பல மடங்கு இடைவெளி விடுங்கள். வண்டியை விட்டு இறங்கக்கூடாது. ஹாரன் அடிக்கக்கூடாது. விளக்கை மின்னவிடக்கூடாது. கேமரா ஒளியும் வேண்டாம். குழந்தைகள் கத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டி இருந்தால் தாய் யானை கோபமாக இருக்கும். யானையின் கன்னத்தில் எண்ணெய் வடிவது போல் நீர் வழிந்தால், அதற்கு மதம் பிடித்திருக்கிறது. காதை விரித்து, தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், "போதும், விலகு" என்று சொல்கிறது என்று அர்த்தம். வண்டியைத் திருப்ப முயன்று நேரத்தை வீணாக்காமல், மெதுவாகப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

பெரும்பாலும் அதெல்லாம் தேவைப்படாது. சும்மா இருந்தால், யானை தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். பாதை அதனுடையது, நாம் வழிப்போக்கர்கள்.

கோழிகமுத்தி முகாம்

டாப்சிலிப்புக்கு அருகில் கோழிகமுத்தி என்ற இடத்தில் வளர்ப்பு யானை முகாம் இருக்கிறது. வனத்துறை வண்டியில் அழைத்துப்போவார்கள். ஒரு காலத்தில் மரம் இழுத்த யானைகளின் பரம்பரைத் தொழில் இப்போது மாறிவிட்டது. ஊருக்குள் புகும் காட்டு யானையை விரட்டுவதும், காட்டைச் சுற்றி ரோந்து போவதும்தான் இப்போது அவற்றின் வேலை. அப்படிப் பழக்கிய யானைக்குக் "கும்கி" என்று பெயர்.

கலீம் என்ற கும்கி யானையைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் 99 முறை போய்வந்த வீரன். 2023-ம் ஆண்டு மார்ச்சில், 60 வயதில், கோழிகமுத்தியில் அது ஓய்வு பெற்றது. வன அதிகாரிகள் அணிவகுத்து நின்று அதற்கு மரியாதை செய்தார்கள்.

முகாமில் யானைகளை வளர்க்கும் பாகன்கள் மலசர் முதலிய மலைவாசி மக்கள். காடர், மலசர், மலைமலசர், இரவாளர், முதுவர், புலையர் என்று ஆறு குலத்தார் ஆனைமலையில் வாழ்கிறார்கள். வுட் துரைக்கு முன்பே, மரம் வெட்ட வந்தவர்களுக்கும் முன்பே, அங்கே இருந்தவர்கள் அவர்கள். வனத்துறையின் வழிகாட்டிகளிலும் காவலர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். "அங்கே பார்க்காதீர்கள், இங்கே பாருங்கள்" என்று அவர்கள் காட்டினால்தான், இலைக்கு நடுவே நிற்கும் கடமான் நம் கண்ணுக்குத் தெரியும். அவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். அனுமதி கேட்காமல் அவர்களுடைய வீட்டையும் குழந்தைகளையும் படம் எடுக்காதீர்கள்.

பரம்பிக்குளம் வேறொரு நாள்

"வந்தது வந்தோம், பரம்பிக்குளத்தையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆசையை அடக்குங்கள்.

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்குப் போகும் சாலை டாப்சிலிப் வழியாகத்தான் இருக்கிறது. இன்னும் சுமார் 20 கிலோமீட்டர். அங்கே வேறு சாவடி, வேறு கட்டணம், வேறு விதி. அணை, படகு, காட்டு வழி என்று பார்க்க நிறைய இருக்கிறது. கன்னிமாரா தேக்கு என்ற பெரிய மரமும் அங்கேதான். அதன் வயது 400 ஆண்டுகளுக்கு மேல். உயரம் சுமார் 40 மீட்டர். அடிமரத்தின் சுற்றளவு சுமார் 7 மீட்டர். நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். மத்திய அரசு 1994-95-ம் ஆண்டில் அதற்கு "மகாவிருட்ச" விருது கொடுத்தது.

கோடரியிலிருந்து தப்பிய அந்த ஒரு மரத்தைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஓடினால், திரும்பும்போது இருட்டிவிடும். இருட்டில் மலைப்பாதையில் வேகமாக ஓட்டத் தோன்றும். சாலையைக் கடக்கும் மானும் பாம்பும் சக்கரத்தில் மாட்டுவது அப்போதுதான்.

திரும்பும் நேரம்

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அனுமதி கேட்டுக்கொண்டு வுட் துரையின் கல்லறையைப் பார்த்து வாருங்கள். குழந்தைகளை அங்கே நிறுத்தி, லத்தீன் வரியின் பொருளைச் சொல்லுங்கள். நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் கண்ட துளிர்கள் இன்று நூறு வயது மரங்கள்.

சாப்பிட்ட இடத்தில் ஒரு பருக்கை இல்லாமல் பொறுக்கி எடுங்கள். குரங்குக்குப் போடாதீர்கள். ஒரு நாள் தின்றால் மறுநாளும் அது சாலை ஓரத்திலேயே காத்திருக்கும்; வண்டியில் அடிபடும். பூ, காய், இறகு, மான்கொம்பு எதையும் எடுத்துவரக்கூடாது. கொம்பு எடுத்துவந்தால் வனவிலங்குச் சட்டப்படி வழக்கு வரும். குப்பையை எல்லாம் பொள்ளாச்சிக்கே திருப்பிக்கொண்டு வாருங்கள்.

மூன்றரைக்கு ஜீப்பைக் கிளப்புங்கள். சின்னக் கியரில் இறங்குங்கள். விலங்கு ஒன்றும் கண்ணில் படவில்லையே என்று வருந்தவேண்டாம். நாம் அவற்றைப் பார்க்காவிட்டாலும், அவை நம்மைப் பார்த்திருக்கும்.

ஐந்து மணிக்குச் சேத்துமடைச் சாவடி. உங்கள் ஜீப் போன பாதையில் புதிதாக ஒரு தடமும் இல்லை என்றால், நீங்கள் நல்ல டிரைவர். சாவடியின் தடுப்புக் கம்பம் இறங்கிய பிறகு, மலைப்பாதையில் மோட்டார் சத்தம் ஓயும். கடமான் சாலைக்கு வரும். யானை மூங்கிலை ஒடிக்கத் தொடங்கும்.